கேலரியில் நிற்பவர் செய்த அதிசயங்கள்: தெரியுமா?

தொண்ணூறு நிமிட ஆட்டத்துக்கு டிக்கெட் வாங்குகிறோம். அதில் பந்து உண்மையாகவே உருண்டுகொண்டிருக்கும் நேரம் எவ்வளவு தெரியுமா? இங்கிலாந்தின் பிரீமியர் லீகில் சராசரியாக ஏறக்குறைய 55 நிமிடம்! மிச்ச நேரமெல்லாம் எங்கே போகிறது? பந்து வெளியே போய்த் திரும்புவதில், த்ரோ எறிவதில், ஃப்ரீ கிக்குக்குச் சுவர் கட்டுவதில், கோல் கிக் எடுக்கக் கீப்பர் ஆற அமர நடந்து வருவதில், முழங்காலைப் பிடித்துக்கொண்டு புல்லில் உருள்பவர் எழுந்து நிற்பதில். எதிரணி ஒரு கோல் முன்னிலையில் இருக்கும்போது அப்படி உருள்பவர் எழுந்திருக்க எவ்வளவு நேரம் எடுத்துக்கொள்வார் என்பது மைதானத்துக்குப் போன எல்லோருக்கும் தெரியும். வயிறு எரியும்!

அந்த எரிச்சல் கடைசியில் ஃபிஃபாவின் காதுக்கே எட்டியது. 2022 உலகக் கோப்பையில், வீணாகும் நேரத்தைக் கணக்கு வைத்துக் கூட்டித் தரும்படி நடுவர்களுக்கு உத்தரவு போனது. நவம்பர் 21 அன்று இங்கிலாந்தும் ஈரானும் மோதின. ஈரான் கீப்பருக்குத் தலையில் அடிபட்டு நீண்ட சிகிச்சை. இரண்டு பாதிகளிலுமாகச் சேர்த்துக் கூடுதலாக 27 நிமிடம் ஆடினார்கள்!

கால்பந்து வரலாற்றைக் கோல் அடித்தவர்களின் பெயரால்தான் எழுதுகிறார்கள். வரிசையில் கால் கடுக்க நின்று டிக்கெட் வாங்கி, தொண்டை கட்டும்வரை கத்தி, கடைசி ரயிலைப் பிடிக்க ஓடும் ரசிகர் அந்த வரலாற்றை எத்தனை முறை திருப்பிப் போட்டிருக்கிறார் என்று பார்த்தால் மலைப்பாக இருக்கிறது. அவருடைய கோபம் சட்டங்களை மாற்றியிருக்கிறது. அவருடைய ஆசை ஸ்டேடியங்களைக் கட்டியிருக்கிறது. வாருங்கள், ஒவ்வொன்றாகப் பார்ப்போம்!

உள்ளே நுழைவதே ஒரு வீரச்செயல்

லண்டன் வெம்ப்ளி ஸ்டேடியத்தின் முதல் ஆட்டத்தைக் காப்பாற்றியது ஒரு குதிரை என்பது தெரியுமா? 1923 ஏப்ரல் 28, எஃப்.ஏ. கோப்பை இறுதி ஆட்டம், போல்டனும் வெஸ்ட் ஹாமும். புத்தம்புது மைதானத்தில் ஒன்றேகால் லட்சம் பேருக்கு மேல் இடம் இருந்ததால், முன்பதிவே பெரிதாகத் தேவையில்லை என்று நினைத்துவிட்டார்கள். வந்த கூட்டமோ இரண்டு லட்சத்தைத் தாண்டியிருக்கும் என்று கணிக்கிறார்கள்! சுவர் ஏறிக் குதித்தார்கள், கேலரி நிரம்பி வழிந்து ஆடுகளம் முழுக்க மனிதத் தலைகள். மன்னர் ஐந்தாம் ஜார்ஜ் வந்து உட்கார்ந்தாகிவிட்டது, பந்து வைக்க இடமில்லை. அப்போது ஜார்ஜ் ஸ்கோரி என்ற காவலர் பில்லி என்ற தன் வெள்ளைக் குதிரையில் மெல்ல மெல்ல நடந்து கூட்டத்தை எல்லைக்கோடு வரை பின்னுக்குத் தள்ளினார். முக்கால் மணி நேரம் தாமதமாக ஆட்டம் தொடங்கியது. கோட்டை ஒட்டி ரசிகர்களே சுவராக நின்றதால் பந்து வெளியே போனால் அவர்கள் மேல் பட்டுத் திரும்பியது! அந்த ஆட்டத்துக்கு வெள்ளைக் குதிரை ஃபைனல் என்றே பெயர். இன்றைக்கு வெம்ப்ளிக்குப் போகும் நடைபாலத்துக்கும் அந்தக் குதிரையின் பெயர்தான்.

1950 ஜூலை 16 அன்று ரியோவின் மரக்கானா மைதானத்தில் டிக்கெட் வாங்கி நுழைந்தவர்கள் மட்டும் ஒரு லட்சத்து எழுபதாயிரத்துக்கு மேல். பிரேசிலுக்கு டிரா போதும், உலகக் கோப்பை கையில். உருகுவே 2-1 என்று ஜெயித்தது. அத்தனை பெரிய கூட்டம் ஒரே நொடியில் வாயடைத்து நின்ற சம்பவம் கால்பந்தில் வேறு இல்லை.

உள்ளே போய் உட்கார்ந்த பிறகும் ஆட்டம் நடக்காமலே போகலாம்! 2018 நவம்பர் 24. புவனோஸ் அயர்ஸ் நகரத்தின் பரம வைரிகளான ரிவர் பிளேட்டும் போகா ஜூனியர்ஸும் கோப்பா லிபர்டடோரஸ் இறுதியில் முதல்முறையாக மோதிக்கொண்ட ஆண்டு; அன்று இரண்டாவது ஆட்டம். மைதானம் நிறைந்திருக்கிறது. வெளியே போகா வீரர்களின் பஸ் மீது கல் விழுந்து கண்ணாடி நொறுங்கியது. ஆட்டத்தை மாலைக்குத் தள்ளினார்கள், பிறகு மேலும் தள்ளினார்கள், அப்புறம் மறுநாள் என்றார்கள், மறுநாளும் ரத்து. கடைசியில் பத்தாயிரம் கிலோமீட்டர் தாண்டி ஸ்பெயினின் மாட்ரிட்டில் டிசம்பர் 9 அன்று நடத்தினார்கள்! வெயிலில் மணிக்கணக்காக உட்கார்ந்திருந்த ரிவர் ரசிகர்களில் பெரும்பாலோர், தங்கள் அணி 3-1 என்று ஜெயித்த அந்த ஆட்டத்தைத் தொலைக்காட்சியில்தான் பார்க்க வேண்டியிருந்தது. கல்லெறிந்தவர்கள் சிலர், தண்டனையோ அத்தனை பேருக்கும்.

பனிமூட்டத்தின் கதை வேறு. 1937 கிறிஸ்துமஸ் அன்று லண்டன் ஸ்டாம்ஃபோர்ட் பிரிட்ஜில் செல்சியும் சார்ல்டனும் ஆடும்போது பனி இறங்கி எதுவுமே தெரியாமல் போனது. நடுவர் ஆட்டத்தை நிறுத்திவிட்டார், எல்லோரும் போய்விட்டார்கள். சார்ல்டன் கீப்பர் சாம் பார்ட்ரமுக்கு மட்டும் யாரும் சொல்லவில்லை! தன் அணி எதிர்ப் பக்கத்தில் முற்றுகை போடுகிறது என்று நினைத்து அவர் கோல் கம்பங்களுக்கு நடுவே நெடுநேரம் காவல் நின்றார். பனிக்குள்ளிருந்து வந்த ஒரு போலீஸ்காரர்தான் விஷயத்தைச் சொன்னார்.

டிக்கெட் விலையும் 77-வது நிமிடமும்

இது என்னை மிகவும் கவர்ந்த கதை. கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

2016 பிப்ரவரி தொடக்கத்தில் லிவர்பூல் கிளப் புதிய விலைப்பட்டியலை அறிவித்தது. விரிவாக்கப்பட்ட மெயின் ஸ்டாண்டில் ஒரு இருக்கைக்கு அதிகபட்சம் 77 பவுண்டு! அப்பா தோளில் உட்கார்ந்து ஆன்ஃபீல்டு மைதானத்துக்கு வந்து பழகிய குடும்பங்கள் கொதித்துப் போயின. பிப்ரவரி 6, சனிக்கிழமை, எதிரணி சண்டர்லாந்து. 70-வது நிமிடத்தில் லிவர்பூல் 2-0 என முன்னிலை. கடிகாரம் 77-ஐத் தொட்டதும் என்ன நடந்தது தெரியுமா? ஏறக்குறைய பத்தாயிரம் பேர் எழுந்து வாசலை நோக்கி நடந்தார்கள்! உயிருக்கு உயிரான அணி ஜெயித்துக்கொண்டிருக்கும்போது முதுகைத் திருப்பிக்கொண்டு நடப்பது ஒரு ரசிகருக்கு எவ்வளவு வலிக்கும் என்பதை யோசித்துப் பாருங்கள். ஆடுகளத்திலிருந்த வீரர்களும் அதை உணர்ந்திருக்க வேண்டும்: 82-வது நிமிடத்தில் ஒன்று, 89-வது நிமிடத்தில் ஒன்று என்று சண்டர்லாந்து இரண்டு கோல் திருப்பியடித்து 2-2 ஆக்கிவிட்டது.

நான்கே நாளில் கிளப் உரிமையாளர்கள் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார்கள். 77 பவுண்டு டிக்கெட் ரத்து, இரண்டு சீசனுக்கு விலையேற்றமே இல்லை! அதோடு நிற்கவில்லை. அடுத்த மாதமே பிரீமியர் லீகின் இருபது கிளப்புகளும் கூடி, வெளியூரிலிருந்து தங்கள் அணியோடு வரும் ரசிகருக்கு டிக்கெட் 30 பவுண்டைத் தாண்டக் கூடாது என்று வரம்பு வைத்தன. வெளியூர் ரசிகர்களும் பல ஆண்டுகளாக இதற்காகப் பதாகை பிடித்துப் போராடியிருந்தார்கள்.

லிவர்பூல் போராட்டத்துக்கு நான்கு மாதம் முன்பு, 2015 அக்டோபரில், ஜெர்மனியின் பயர்ன் மியூனிக் ரசிகர்கள் லண்டன் ஆர்சனல் மைதானத்தில் முதல் ஐந்து நிமிடம் தங்கள் பகுதிக்குள் நுழையாமல் வெளியே நின்றார்கள். 64 பவுண்டு டிக்கெட்டுக்கு எதிர்ப்பு! அவர்கள் உள்ளே வந்தபோது கைதட்டி வரவேற்றது யார்? எதிரணி ரசிகர்களான ஆர்சனல்காரர்கள்! பந்து யார் பக்கம் போனாலும் பர்ஸ் எல்லோருக்கும் ஒன்றுதானே.

ஜெர்மானியர்களின் போராட்ட முறைகளைத் தனியாகவே எழுதலாம். அங்கே 50+1 என்றொரு விதி இருக்கிறது: கிளப்பில் ஓட்டுரிமையின் பெரும்பான்மை உறுப்பினர்களிடமே இருக்க வேண்டும், பணக்கார முதலீட்டாளர் யாராக இருந்தாலும் சரி. ஆகவே அங்கே ரசிகர் குரலுக்குப் பலம் அதிகம். திங்கட்கிழமை இரவு ஆட்டம் வைத்தால் வேலைக்குப் போகிறவர் வெளியூருக்கு எப்படிப் போய்த் திரும்புவார்? 2018 பிப்ரவரி 26, திங்கள். எண்பதாயிரம் பேர் கொள்ளும் டார்ட்முண்ட் மைதானத்துக்கு அன்று வந்தவர்கள் 54,300 பேர். மஞ்சள் சுவர் என்று உலகமே வியக்கும் தெற்குக் கேலரி வெறிச்சோடிக் கிடந்தது! அந்த ஆண்டே லீக் நிர்வாகம் இறங்கிவந்து, திங்கள் ஆட்டங்களைக் கைவிடுவதாக அறிவித்தது. 2023-24 சீசனில் லீகின் வருமானத்தில் பங்கை வெளி முதலீட்டாளருக்கு விற்கத் திட்டமிட்டபோது ஆடுகளத்தில் டென்னிஸ் பந்துகள் மழையாகக் கொட்டின, தங்கத் தாளில் சுற்றிய சாக்லேட் நாணயங்கள் விழுந்தன, ஒரு மைதானத்தில் ரிமோட் கார்கள் புகை கக்கிக்கொண்டு புல்வெளியில் சுற்றின! வீரர்கள் குனிந்து பொறுக்கிப் பொறுக்கி ஓய்ந்தார்கள். 2024 பிப்ரவரியில் அந்தத் திட்டமே கைவிடப்பட்டது.

நிற்பதா, உட்காருவதா?

அந்த மஞ்சள் சுவரில் ஒரே நேரத்தில் நிற்பவர்கள் எத்தனை பேர் தெரியுமா? 24,454 பேர்! ஐரோப்பாவிலேயே பெரிய நின்றுபார்க்கும் கேலரி அது. ஐரோப்பியக் கோப்பை ஆட்டங்களில் எல்லோரும் உட்கார்ந்தே பார்க்க வேண்டும் என்று ஐரோப்பியக் கால்பந்துச் சங்கமான யூஈஎஃப்ஏ விதி வைத்திருந்த காலத்தில், ஒவ்வொரு முறையும் அங்கே நாற்காலிகளைப் பொருத்தினார்கள், ஆட்டம் முடிந்ததும் கழற்றினார்கள்!

இங்கிலாந்தில் நின்றுபார்ப்பது ஏன் நின்றது என்பதைச் சொல்லும்போது உற்சாகத்தைக் கொஞ்சம் ஒதுக்கி வைக்க வேண்டும். 1989 ஏப்ரல் 15, ஷெஃபீல்டின் ஹில்ஸ்பரோ மைதானம், லிவர்பூலும் நாட்டிங்காம் ஃபாரஸ்ட்டும் அரையிறுதியில். வெளியே நெரிசலைக் குறைக்கப் போலீஸ் ஒரு வாயிலைத் திறந்துவிட, கூட்டம் ஏற்கெனவே நிறைந்திருந்த கம்பி வேலிக் கூண்டுகளுக்குள் போய்ச் சேர்ந்தது. ஆட்டம் தொடங்கி ஆறாவது நிமிடத்தில் நிறுத்தப்பட்டது. 97 உயிர்கள். மூச்சுத் திணறிச் செத்தவர்களில் பள்ளிப் பிள்ளைகளும் உண்டு.

பழியை யார் மேல் போட்டார்கள் தெரியுமா? செத்தவர்கள் மேல்! குடித்துவிட்டு வந்தார்கள், டிக்கெட் இல்லாமல் முண்டியடித்தார்கள் என்று போலீஸ் சொன்னது, பத்திரிகை அச்சடித்தது. குடும்பங்கள் ஓயவில்லை. 2012-ல் சுயேச்சைக் குழு ஒன்று ஆவணங்களை வெளியே கொண்டுவந்தபோது, போலீஸாரின் 164 வாக்குமூலங்கள் திருத்தப்பட்டிருந்தது அம்பலமானது. 2016 ஏப்ரல் 26 அன்று ஜூரி தீர்ப்புச் சொன்னது: சட்டவிரோதமாகக் கொல்லப்பட்டார்கள், ரசிகர்கள் மேல் எந்தத் தவறும் இல்லை. இருபத்தேழு ஆண்டு! அந்தக் குடும்பங்களின் உறுதிக்கு முன்னால் எந்தக் கோப்பை வெற்றியும் சின்னதுதான்.

விபத்தை விசாரித்த நீதிபதி டெய்லரின் 1990 அறிக்கைக்குப் பிறகு வேலிகள் போயின, மேல்மட்ட மைதானங்கள் முழுக்க இருக்கையாயின. நிற்பதற்கு ஏங்கியவர்கள் நின்றுகொண்டே இருந்தார்கள், இருக்கைக்கு முன்னால்! முப்பது ஆண்டு கேட்டுக் கேட்டு, 2022-ல் கைப்பிடிக் கம்பிகளோடு பாதுகாப்பாக நிற்கும் பகுதிகளுக்கு அனுமதி கிடைத்தது.

ரசிகர் மேல் பழி போடும் பழைய பழக்கம் லேசில் போகாது என்பதற்கு பாரிஸ் சாட்சி. 2022 மே 28, சாம்பியன்ஸ் லீக் இறுதி. முறையான டிக்கெட்டோடு வந்த லிவர்பூல் ரசிகர்கள் பூட்டிய வாசல்களுக்கு முன்னால் நெருக்கியடித்து நிற்க, போலீஸ் கண்ணீர்ப்புகை அடித்தது. ரசிகர்கள் தாமதமாக வந்ததால் ஆட்டம் தாமதம் என்று மைதானத் திரையில் அறிவிப்பு வந்தது. மறுஆண்டு வந்த சுயேச்சை விசாரணை அறிக்கை, முதன்மைப் பொறுப்பு யூஈஎஃப்ஏ மேல்தான் என்று சொன்னது. இந்த முறை ஒரு வருடத்துக்குள் உண்மை வெளிவந்தது, அதுவே பெரிய மாற்றம்.

இன்னொரு சின்னச் சங்கடம்: இங்கிலாந்தில் 1985-ல் வந்த ஒரு சட்டப்படி, ஆடுகளம் கண்ணில் படும் இடத்தில் நின்று பீர் குடிக்கக் கூடாது. இடைவேளையில் கூடத்துக்கு ஓடி, மடமடவென்று முடித்துவிட்டு ஓடிவர வேண்டும். வரிசை நீண்டால் இரண்டாம் பாதியின் முதல் கோல் போச்சு!

கோல்... இல்லை... இருங்கள், பார்க்கிறோம்

கோல் விழுந்ததும் பக்கத்திலிருப்பவரைக் கட்டிப்பிடித்துக் குதிக்கிறோம். இரண்டு நிமிடம் கழித்து அது கோலே இல்லை என்கிறது திரை! வீடியோ நடுவர் முறையான வார் வந்ததிலிருந்து மைதானத்தில் இருப்பவருக்குத்தான் அதிக வேதனை. வீட்டில் டிவி பார்ப்பவருக்குக் கோடு போட்டுக் காட்டுகிறார்கள், காசு கொடுத்து வந்தவர் திகைத்து நிற்கிறார். நடுவரே மைக்கில் முடிவை விளக்கும் ஏற்பாடு 2023 மகளிர் உலகக் கோப்பையில் வந்தபோதுதான் கொஞ்சம் நிம்மதி.

இந்த வார் வேண்டாம் என்று ஒரு நாட்டின் ரசிகர்களே தடுத்து நிறுத்தியிருக்கிறார்கள், தெரியுமா? ஸ்வீடன்! அங்கும் கிளப்பில் ஓட்டுப் பெரும்பான்மை உறுப்பினர்களுக்குத்தான். உறுப்பினர்கள் கூட்டம் கூட்டி ஓட்டுப் போட்டார்கள், கிளப்புகள் அதற்குக் கட்டுப்பட்டன, 2024-ல் சங்கம் திட்டத்தைத் தள்ளி வைத்தது. பக்கத்து நார்வேயில் வார் வந்துவிட்டது. 2024 ஜூலையில் ரோசன்போர்க் ஆட்டத்தில் ரசிகர்கள் டென்னிஸ் பந்துகளோடு மீன் கட்லெட்டையும் ஆடுகளத்தில் வீசினார்கள்! ஆட்டம் மறுபடி மறுபடி நின்று, கடைசியில் கைவிடப்பட்டது.

வாசலிலேயே நிறுத்தப்பட்டவர்கள்

ஈரானில் பெண் ஆட்டம் பார்க்கப் போவதே குற்றம் என்ற நிலை நாற்பது ஆண்டு நீடித்தது. ஒட்டுத்தாடி வைத்து, தளர்ந்த சட்டை போட்டு, ஆண் வேடத்தில் உள்ளே போனவர்கள் உண்டு. அப்படிப் போய்ப் பிடிபட்ட ஒரு இளம்பெண், சிறைத் தண்டனை வரும் என்ற பயத்தில் 2019 செப்டம்பரில் நீதிமன்றத்துக்கு வெளியே தீக்குளித்து இறந்தார். அவருடைய அணியின் நிறத்தால் உலகம் அவரை நீலப் பெண் என்று அழைத்தது. ஒரு மாதம் கழித்து, அக்டோபர் 10 அன்று, தெஹ்ரானின் ஆசாதி ஸ்டேடியத்தில் சுமார் 3,500 பெண்கள் டிக்கெட்டோடு நுழைந்தார்கள். ஈரான் கம்போடியாவை 14-0 என்று வென்றது. ஒவ்வொரு கோலுக்கும் அவர்கள் பகுதியிலிருந்து எழுந்த சத்தத்தில் எத்தனை ஆண்டுக் காத்திருப்பு!

இஸ்தான்புல்லில் நடந்தது நேர்மாறு. ரசிகர்கள் ஆடுகளத்துக்குள் ஓடிவந்து ரகளை செய்ததால் ஃபெனர்பாஷே அணிக்கு ஆளில்லா மைதானத்தில் ஆடும் தண்டனை கிடைத்தது. யாருக்கோ ஒரு யோசனை: ஆண்களுக்குத் தடை, பெண்களும் பன்னிரண்டு வயதுக்குட்பட்ட பிள்ளைகளும் இலவசமாக வரலாம்! 2011 செப்டம்பர் 20 அன்று வந்தவர்கள் நாற்பத்தோராயிரத்துக்கு மேல்! வீரர்கள் பூக்களை வீசி வணங்கினார்கள்.

1920-ல் லிவர்பூலின் குடிசன் பார்க்கில் பெண்கள் ஆடிய ஆட்டத்துக்கு 53,000 பேர் வந்ததும், பொறுக்கமுடியாமல் மறுவருடமே இங்கிலாந்துச் சங்கம் தன் மைதானங்களில் பெண்கள் ஆடுவதையே தடைசெய்ததும் தெரியுமா? தடை சுமார் ஐம்பது ஆண்டு நீடித்தது. 2022 ஏப்ரலில் பார்சலோனாவின் பெண்கள் அணி ஆட வந்தபோது கேம்ப் நௌவில் 91,648 பேர்!

உடம்பு என்ன பாடுபடுகிறது!

2006 உலகக் கோப்பையின்போது மியூனிக் வட்டாரத்து மருத்துவர்கள் ஒரு கணக்கெடுத்தார்கள். ஜெர்மனி ஆடிய நாட்களில் இதயக் கோளாறால் அவசர சிகிச்சைக்கு வந்தவர்கள் வழக்கமான நாட்களைவிட 2.66 மடங்கு! இது புகழ்பெற்ற ஒரு மருத்துவ இதழில் 2008-ல் வெளியானது. இதய நோய் இருப்பவர்கள் பெனால்டி ஷூட் அவுட்டைத் தவிர்ப்பது நல்லது என்று நான் உண்மையான அக்கறையோடு சொல்கிறேன்.

மகிழ்ச்சி மண்ணையே அசைக்கும்! 2017 மார்ச் 8, பார்சலோனா. முதல் ஆட்டத்தில் பாரிஸ் அணியிடம் 4-0 என்று தோற்ற பார்சலோனா, 88-வது நிமிடத்திலிருந்து மூன்று கோல் அடித்து 6-1 என்று கரையேறியது. செர்ஜி ராபர்ட்டோ கடைசிக் கோலை அடித்த நொடியில் மைதானத்திலிருந்து அரை கிலோமீட்டர் தள்ளியிருந்த புவியியல் நிலையத்தின் நிலநடுக்கக் கருவி அதிர்வைப் பதிவு செய்தது! அத்தனை ஆயிரம் கால்கள் ஒன்றாகக் குதித்ததன் சாட்சி.

முன்னதாகவே எழுந்து கிளம்புபவர்களுக்கு ஒரு கதை. 1999 சாம்பியன்ஸ் லீக் இறுதியில் பயர்ன் 1-0 என முன்னிலை, தொண்ணூறு நிமிடம் முடிகிறது. யூஈஎஃப்ஏ தலைவர் லெனார்ட் யோஹான்சன் கோப்பையைக் கொடுக்க லிஃப்டில் கீழே இறங்கினார். வெளியே வந்து பார்த்தால் ஜெயித்திருந்தவர்கள் அழுகிறார்கள், தோற்றிருந்தவர்கள் ஆடுகிறார்கள்! இடையில் மான்செஸ்டர் யுனைடெட் இரண்டு கோல் அடித்துவிட்டது. தலைவருக்கே இந்தக் கதி.

ரசிகர் கட்டிய மைதானம், ரசிகர் பெற்ற அணி

கிழக்கு பெர்லினின் யூனியன் கிளப்பிடம் பணமே இல்லை. 2004-ல் ரசிகர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? ரத்த தானம் செய்து, அதற்குக் கிடைத்த தொகையைக் கிளப்புக்குக் கொடுத்தார்கள்! 2008-ல் பழைய மைதானம் இடிந்துவிழும் நிலை. இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட ரசிகர்கள் மண்வெட்டியும் சிமெண்டுமாக இறங்கி, 1,40,000 மணி நேரம் கூலியில்லாமல் உழைத்து அதை எடுத்துக் கட்டினார்கள். 2014 உலகக் கோப்பைக்கு வீட்டு சோபாக்களைத் தூக்கிவந்து ஆடுகளத்தில் போட்டுப் பெரிய திரையில் பார்த்தார்கள்! 2003-ல் மோசமான சீசன் ஒன்றின் நடுவே 89 பேர் கிறிஸ்துமஸ் பாட்டுப் பாட மைதானத்துக்குள் புகுந்தார்கள். இப்போது ஆண்டுதோறும் அந்த நாளில் மைதானம் நிறைகிறது.

2019 ஆகஸ்ட் 18 அன்று யூனியன் தன் வரலாற்றில் முதல்முறையாக பண்டஸ்லிகாவில் ஆடியது. இந்த நாளைப் பார்க்காமல் இறந்துபோன நூற்றுக்கணக்கான ரசிகர்களின் பெரிய படங்களைக் குடும்பத்தாரும் நண்பர்களும் கேலரியில் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தார்கள். அவர்களும் வந்துவிட்டார்கள் என்று கணக்கு! யூனியன் அன்று 4-0 என்று தோற்றது. ஒருவரும் வருந்தியதாகத் தெரியவில்லை.

லண்டன் விம்பிள்டன் கிளப்பை ஏறக்குறைய 90 கிலோமீட்டர் தள்ளி மில்டன் கீன்ஸுக்குக் கொண்டுபோக 2002-ல் அனுமதி கிடைத்தபோது, ரசிகர்கள் அங்கே போக மறுத்துத் தாங்களே ஏஎஃப்சி விம்பிள்டன் என்று புதுக் கிளப் தொடங்கினார்கள். பொதுப் பூங்காவில் ஆள் தேர்வு, அடிமட்ட லீகில் ஆரம்பம். ஒன்பதே ஆண்டில் தொழில்முறை லீகுக்கு ஏறினார்கள்! 2020 நவம்பரில் சொந்தப் பேட்டையான ப்ளௌ லேனில் புது மைதானம் திறந்தது. கொரோனா காலம். அதற்காக உண்டியல் குலுக்கியவர்கள் முதல் ஆட்டத்துக்கு உள்ளே வர முடியவில்லை.

வேலென்சியாவின் மெஸ்டாயா மைதானத்தில் ஒரு இருக்கையில் எப்போதும் ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். வெண்கலச் சிலை! நடு வயதில் பார்வை இழந்த பிறகும் அந்த ரசிகர் தன் இடத்துக்கு வருவதை நிறுத்தவில்லை. பக்கத்தில் அமர்ந்து மகன் ஆட்டத்தைச் சொல்லச் சொல்ல, சத்தத்தைக் கேட்டே ரசித்தார். 2019-ல் கிளப் தன் நூற்றாண்டில் அவர் உட்கார்ந்த அதே இடத்தில் சிலை வைத்தது. அதே 2019-ல் ஃபிஃபாவின் சிறந்த ரசிகர் விருது, பார்வையற்ற தன் மகனுக்கு ஒவ்வொரு நகர்வையும் காதருகே வர்ணிக்கும் பால்மெய்ராஸ் ரசிகையான பிரேசில் தாய்க்குப் போனது.

கேலரியிலிருந்து ஓயாமல் திட்டிக்கொண்டிருந்த ரசிகரைத் துணைப் பயிற்சியாளர் ஆடுகளத்திலேயே இறக்கிவிட்ட அதிசயமும் நடந்திருக்கிறது! 1994 ஜூலை 27, ஆக்ஸ்ஃபோர்டில் வெஸ்ட் ஹாமின் நட்பு ஆட்டம். தன் அணியின் முன்கள வீரரைக் கரித்துக்கொட்டிய ரசிகரைப் பார்த்து, அவரைவிட நீ நன்றாக ஆடுவாயா என்று ஹாரி ரெட்நாப் கேட்டு, இரண்டாம் பாதியில் சீருடை மாட்டி அனுப்பினார். அந்த ரசிகர் பந்தை வலைக்குள்ளும் அடித்தார். ஆஃப்சைடு!

நம் பக்கத்துக் கேலரிகள்

செல்போன் இல்லாத காலத்தில் கடைசி வரிசைக்காரருக்கு ஸ்கோர் எப்படித் தெரிந்தது? காத்தாடியில்! 1911 ஜூலை 29, கல்கத்தா. ஐஎஃப்ஏ ஷீல்டு இறுதியில், ஒரே ஒருவரைத் தவிர எல்லோரும் வெறுங்காலோடு ஆடிய மோகன் பகான், பூட்ஸ் போட்ட கிழக்கு யார்க்‌ஷயர் ரெஜிமெண்டை 2-1 என்று வீழ்த்தியது. சிறப்பு ரயிலிலும் படகிலும் வந்து குவிந்தவர்களில் பாதிப் பேருக்கு மைதானமே தெரியவில்லை, மரத்தில் ஏறினார்கள். கோல் விழ விழ, கணக்கை எழுதிய காத்தாடிகள் மேலே பறந்தன!

அதே ஊரில் 1997 ஜூலை 13 அன்று சால்ட் லேக் ஸ்டேடியத்தில் ஈஸ்ட் பெங்காலும் மோகன் பகானும் ஃபெடரேஷன் கோப்பை அரையிறுதியில் மோதியபோது கூட்டம் 1,31,781! பாய்ச்சுங் பூட்டியா மூன்று கோல் அடித்தார், ஈஸ்ட் பெங்கால் 4-1. அன்று அவர்கள் வீடுகளில் இலிஷ் மீன் கொதித்திருக்கும். மோகன் பகான் ஜெயித்தால் இறால். ஒரே ஊர் அணிகள் மோதும் இந்த டெர்பி முடிந்த மாலையில் சந்தைக்குப் போனால் யார் ஜெயித்தார் என்பதை மீன் விலையைக் கேட்டே தெரிந்துகொள்ளலாம்.

இந்த டெர்பிக்கு ரணமும் உண்டு. 1980 ஆகஸ்ட் 16 அன்று ஈடன் கார்டனில் கேலரிச் சண்டையிலும் நெரிசலிலும் 16 ரசிகர்கள் இறந்தார்கள். கொல்கத்தா அந்த நாளில் ரத்த தானம் செய்து அவர்களை நினைக்கிறது. 2024 ஆகஸ்ட் 18 அன்று நடக்கவிருந்த டியூராண்ட் கோப்பை டெர்பி ரத்தானது. ஆர்.ஜி. கர் மருத்துவமனையில் இளம் மருத்துவர் கொல்லப்பட்டதால் நகரமே கொந்தளித்திருந்த நேரம். ஆட்டம் இல்லாத மைதானத்துக்கு வெளியே இரு அணி ரசிகர்களும் கூடினார்கள், ஒருவர் தோளில் மற்றவர் ஏறி, நீதி கேட்டுக் குரல் கொடுத்தார்கள். தடியடி நடந்தது, கலையவில்லை!

சென்னைக்காரர்களுக்கு 2015 டிசம்பர் மறக்குமா? வெள்ளம் ஊரை மூழ்கடித்ததால் சென்னையின் எஃப்சி தன் சொந்த ஊர் அரையிறுதியை புனேயில் போய் ஆட வேண்டியதாயிற்று. பி ஸ்டாண்டு ப்ளூஸ், சூப்பர் மச்சான்ஸ் என்ற ரசிகர் குழுக்களாக மேளம் அடித்துப் பழகியவர்கள் ஊரில் சேறு அள்ளிக்கொண்டிருந்தார்கள். டிசம்பர் 20, கோவாவில் இறுதி. ஆட்டம் முடியச் சில நிமிடங்களே இருக்கும்போது கோவா 2-1. அப்புறம் ஒரு சேம்சைடு கோல், அதற்கும் பிறகு இஞ்சுரி டைமில் மென்டோசா, 3-2! கோப்பை சென்னைக்கு!

இதுவரை சொன்னதெல்லாம் ரசிகர் கெஞ்சியதும் கொதித்ததும். ஒரு தேசத்தின் கேப்டன் ரசிகரிடம் கெஞ்சியது தெரியுமா? 2018 ஜூன் 1, மும்பை. இந்தியா சீன தைபேயை 5-0 என்று நொறுக்கியது, சுனில் சேத்ரி மூன்று கோல். பார்க்க வந்தவர்கள் 2,569 பேர்! மறுநாள் சேத்ரி ஒரு வீடியோ வெளியிட்டார். திட்டுவதற்காகவாவது, கேலி செய்வதற்காகவாவது மைதானத்துக்கு வாருங்கள், எங்கள் முகத்துக்கு நேரே கத்துங்கள் என்று கைகூப்பிக் கேட்டார். இரண்டே நாளில், ஜூன் 4 அன்று கென்யாவுடனான ஆட்டத்துக்கு எல்லா டிக்கெட்டும் விற்றுத் தீர்ந்தது. பேய்மழை, ஆடுகளத்தில் தண்ணீர் தேங்கி பந்து நகர மறுத்தது, ஒருவரும் எழுந்து போகவில்லை. சேத்ரிக்கு அது நூறாவது சர்வதேச ஆட்டம். இரண்டு கோல் அடித்தார், இந்தியா 3-0.